குடலிற் பிறந்து ஈரலிற் படர்ந்த நோய்

தமிழர் தம் துயரின் ஆழத்தைச் சொல்ல நெஞ்சை மட்டும் துணைக்கு அழைப்பதில்லை, ஈரலையும் அழைப்பர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் ஈரக்குலை பற்றி எரிவதாகப் புலம்புவாள். பேரச்சம் கொண்டவனுக்கு ஈரக்குலை நடுங்கும். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நம் மூத்தோர் வாயில் இன்றும் இத்தொடர்கள் வழங்குகின்றன. உயிரின் வேர் ஈரலில் ஊன்றியிருக்கிறது என்னும் எண்ணம் நம் மொழியில் என்றோ இடம்பெற்றுவிட்டது. அதனாலேதான் போலும், நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம்மவர் வீடுகளில் அன்றைய அடுப்பு எரிவதில்லை. அதன்பின் மருத்துவர் கூறுவது எதுவும் எவர் காதிலும் விழுவதில்லை.

பெருங்குடலில் தோன்றி ஈரலுக்குப் பரவும் புற்றுநோயை மருத்துவ உலகம் எதிர்கொண்ட வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன். நான் மருத்துவன் அல்லன், தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியன். ஆயினும் ஜித்ரா போன்ற சிற்றூரில் தமிழாசிரியரின் வேலை பாடநூலோடு முடிவதில்லை. "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மருத்துவமனைத் தாளை நீட்டிக்கொண்டு பெற்றோர் பள்ளி அலுவலக வாசலில் நிற்பதுண்டு. அத்தாளைப் படித்துச் சொல்ல வேண்டியவர்க்கு இவ்வரலாறு பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குடலில் தோன்றிய நோய் ஈரலை நாடுவது ஏன்? விடை குருதியோட்டத்தில் இருக்கிறது. நாம் உண்ட உணவின் சாற்றைக் குடலிலிருந்து ஏந்திச் செல்லும் குருதி நேரே இதயத்திற்குப் போவதில்லை. வாயிற்சிரை எனப்படும் பெருஞ்சிரையின் வழியாக அது முதலில் ஈரலுக்கே செல்கிறது. உடலுக்குள் நுழைவன யாவற்றையும் தணிக்கை செய்யும் சுங்கச்சாவடி ஈரல். புக்கிட் காயு ஈத்தாமில் எல்லை கடக்கும் வண்டிகள் வரிசையில் நிற்பதைக் கண்ட நம் மாணவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். குடற்கட்டியிலிருந்து உதிர்ந்த உயிரணுக்களும் அவ்வழியே வந்து அச்சாவடியிற் சிக்கி வேர்பிடிக்கின்றன. ஆதலின் ஈரலில் வளரும் அக்கட்டி ஈரற்புற்று அன்று. இடம்பெயர்ந்து குடியேறிய குடற்புற்றே ஆகும். அதற்குரிய மருந்தும் குடற்புற்றுக்குரிய மருந்தே. குடியும் மஞ்சட்காமாலைக் கிருமியும் ஈரலைக் கெடுத்து உண்டாக்கும் புற்று வேறு, இது வேறு. இவ்வேறுபாட்டை அறியாத உறவினர், ஒரு நாளும் கள்ளைத் தொடாத மனிதரைக் குடிகாரர் என ஐயுற்றுப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நோயினும் கொடிது அப்பேச்சு.

புற்று என்னும் பெயர் கறையான் புற்றை நினைவூட்டுகிறது. உள்ளே அரித்து வெளியே புடைக்கும் அதன் தன்மையைக் கண்டவர்க்குப் பொருத்தமான சொல்லே. கிரேக்கர் இந்நோயை நண்டு என்றனர். நாற்புறமும் கால் பரப்பிப் பற்றிக்கொள்வதால் அப்பெயர். வெளியே தெரியும் புற்றை இரு நாட்டு முன்னோரும் அறிந்திருந்தனர். குடலுக்குள் ஒளிந்திருப்பதை அறிதல் எளிதாக இருக்கவில்லை. மலத்தோடு குருதி போவதைக் கண்டால் சீதபேதி என்பர், அல்லது மூலம் என்பர். மாதுளந்தோலும் மோரும் வெந்தயமும் கொடுப்பர். அக்கால மருத்துவர் பலரும் இதற்கு விலக்கல்லர்.

இந்நோயின் வரலாற்றில் தமிழ்ப் பெண்மணி ஒருவர்க்குத் தனியிடம் உண்டு. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நம் மாணவர் சட்டமன்ற உறுப்பினராகவும் தேவதாசி முறையை எதிர்த்தவராகவும் அறிவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர், தாய் சந்திரம்மாள். ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம்பெற்று, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். பெண்ணுக்கு எழுத்தறிவே மிகை என்று எண்ணப்பட்ட நாளில் இது நிகழ்ந்தது.

1923இல் அவருடைய தங்கை இறந்தார். இளம் வயது. நோய் மலக்குடற் புற்று. வீட்டில் ஒரு மருத்துவர் இருந்தும், சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர்கள் எட்டும் தொலைவில் இருந்தும் ஒன்றும் செய்ய இயலவில்லை. இலண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ் என்னும் அறுவை மருத்துவர் மலக்குடற் புற்றை முழுவதுமாக அகற்றும் முறையை 1908இலேயே வெளியிட்டிருந்தார். ஏட்டில் இருந்த அக்கலை கடல் கடந்து நோயாளியின் கட்டில்வரை வந்து சேர ஒரு மருத்துவமனை வேண்டும், பயின்ற கைகள் வேண்டும், கதிர்வீச்சுக் கருவி வேண்டும். அவை தென்னாட்டில் இல்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிர்வீச்சு நிலையம் தோன்றியதே 1934இல்தான்.

1925இல் அவர் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். மகளிர் மருத்துவத்தோடு புற்றுநோய் மருத்துவத்தையும் அங்கே கவனித்தார். திரும்பியதும் பொதுவாழ்வு அவரை ஈர்த்துக்கொண்டது. சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமனம் பெற்றார். அதன் துணைத் தலைவரானார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். அவ்வை இல்லத்தை நிறுவினார். இவ்வளவுக்கும் இடையில் தங்கையின் நினைவு மங்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில் தென்னாட்டிற்குப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணத்தை வெளியிட்டார்.

எண்ணம் கட்டடமாக 19 ஆண்டுகள் பிடித்தன. ஆட்சியிலிருந்தோர் தயங்கினர். புற்று வந்தவர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்னும் கருத்து மேலிடத்திலும் நிலவியது. நம் தோட்டப்புறத்துக் கிழவர் கூறும் அதே சொல் கோட்டையிலும் ஒலித்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசை மட்டும் நம்பாது, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952 அக்டோபர் 10ஆம் நாள் அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18ஆம் நாள் மருத்துவமனை பணி தொடங்கியது. குடில் போன்ற எளிய கட்டடம், 12 படுக்கைகள். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு டாக்டர் வி. சாந்தா என்னும் இளம்பெண் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனை வேலை காத்திருந்தும் அதனை விடுத்து இங்கே வந்தார். சில ஆண்டுகள் மதிப்பியல் பணி. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க ஓர் இடமும். 2021 சனவரியில் இறக்கும்வரை அவ்வளாகமே அவர் வீடாக இருந்தது. 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன.

பம்பாயில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்கும் இவ்வாறே ஒரு மரணம் காரணம். மெகர்பாய் டாட்டா குருதிப் புற்றால் மறைந்தார். கணவர் தொராப்ஜியின் அறநிதி அதனைக் கட்டியது. டாட்டா குடும்பத்தின் செல்வம் எங்கே, முத்துலட்சுமி அம்மையாரின் நன்கொடை ஏடு எங்கே! அடையாற்றையே நான் பெரிதாக மதிப்பேன். அம்மையார் 1968இல் மறைந்தார்.

இனி ஈரலுக்கு வருவோம். குடற்கட்டியை அகற்றும் கலை வளர்ந்த பின்னும் ஈரலில் கத்தி வைக்க மருத்துவர் அஞ்சினர். ஈரல் குருதி நிறைந்த பஞ்சு. கீறினால் பெருகும் குருதியை நிறுத்த இயலாது. 1908இல் பிரிங்கிள் என்பவர் ஈரலுக்குள் நுழையும் குழாய்களைச் சிறிது நேரம் விரலால் அழுத்திப் பிடித்தால் குருதிப்பெருக்கு அடங்கும் என்று காட்டினார். அதற்குமேல் முன்னேற ஈரலின் உள்ளமைப்பு தெரியவேண்டும். அவ்வறிவு ஓர் ஆசிய நாட்டில் பிறந்தது நமக்கு மகிழ்ச்சி தருவது. வியட்நாமியரான தோன் தாட் துங், பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஹனோய் நகரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1930களில் இருநூறுக்கும் மேற்பட்ட இறந்தோர் ஈரல்களை எடுத்து அவற்றின் குழாய்கள் எவ்வாறு கிளைக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார். ஈரலின் தசையை விரலால் நசுக்கிப் பிரித்து, இடையில் வெளிப்படும் குழாய்களை மட்டும் கட்டிவிடும் முறையைக் கண்டார். மேலைநாட்டார் உடனே ஏற்கவில்லை; அடிமை நாட்டு இளைஞனின் கண்டுபிடிப்பை யார் உடனே ஏற்பர்? பின்னர் 1957இல் பாரிசில் குயினோ ஈரலை எட்டுப் பகுதிகளாக வகுத்து எழுதினார். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குருதிவழி உண்டு. ஆதலின் மரத்தைச் சாய்க்காமல் கிளையை மட்டும் வெட்டுவதுபோல் நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றலாம் என்பது உறுதியாயிற்று.

ஈரலுக்கு மற்றோர் அரிய இயல்பு உண்டு. வெட்டிய பின் வளர்வது அது. 1931இல் ஹிக்கின்சும் ஆண்டர்சனும் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி, எஞ்சியது சில நாட்களில் பழைய அளவை எய்துவதைக் காட்டினர். இவ்வியல்பைப் பயன்படுத்தி, சப்பானிய மருத்துவர் மக்குவுச்சி 1980களில் ஒரு முறையை வகுத்தார். அகற்றப்போகும் பக்கத்தின் வாயிற்சிரைக் கிளையை முன்கூட்டியே அடைத்துவிட்டால் மறுபக்கம் பருக்கத் தொடங்கும். சில வாரங்கள் பொறுத்து அறுவை செய்யலாம். இம்முறைகளால், ஈரற்பரவலை முழுவதுமாக அகற்ற இயன்றவர்களில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். ஐந்தில் ஒருவர் போலப் பத்தாண்டும் கடந்து நோயற்றிருக்கின்றனர். இந்நோயில் இவ்வெண்களுக்கு மிகப் பெரும் பொருள் உண்டு. ஆயினும் தொடக்கத்திலேயே அறுவைக்கு ஏற்றவராய் அமைவோர் சிறுபான்மையரே.

ஏனையோர்க்கு மருந்து. இதன் கதையும் ஈரலிலிருந்தே தொடங்குகிறது. எலியின் ஈரற்கட்டி யூராசில் என்னும் பொருளை நல்ல உயிரணுக்களினும் மிகுதியாக உறிஞ்சுவதை 1954இல் சிலர் கண்டனர். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துச் சார்ல்ஸ் ஹைடல்பெர்கர் இதைக் கொண்டு ஒரு சூழ்ச்சி செய்தார். யூராசிலோடு புளோரின் அணு ஒன்றை ஒட்டினார். புற்று அதைத் தன் உணவென்று எண்ணி உண்டு, பிறகு பெருக இயலாது தவிக்கும். 1957இல் வெளிவந்த இம்மருந்து, ஐந்து புளோரோயூராசில் என்னும் பெயரோடு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. இதே மருந்தாக உடலுக்குள் மாறும் மாத்திரையும் பிற்காலத்தில் வந்தது. 1976இல் சப்பானின் நகோயாவில் கிடானி என்பவர் ஆக்சலிபிளாட்டினை உருவாக்கினார். 1966இல் வாலும், மகாராட்டிரத்திற் பிறந்த மன்சுக் வானியும் சீன நாட்டு மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசினைப் பிரித்தெடுத்தனர். அதன் வழித்தோன்றல் இரினோட்டிக்கன். அதே பொருள் நம் முன்னோர் நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறுமரத்திலும் உண்டு. 2004 முதல், கட்டிக்குக் குருதிக் குழாய் வளராமல் தடுக்கும் மருந்துகளும் வந்தன. சிகிச்சையே இல்லாத காலத்தில் ஈரற்பரவல் உற்றவர் வாழ்ந்தது பெரும்பாலும் ஓராண்டுக்கும் குறைவு. இன்று மருந்துகளை இணைத்துப் பெறுவோரில் பாதிப்பேர் இரண்டாண்டைக் கடக்கின்றனர். சிலர்க்கு மருந்தால் கட்டி சுருங்கி, முதலில் இயலாதென விடப்பட்ட அறுவையும் இயல்வதாகிறது. மிகச் சிலர்க்கு ஈரலையே மாற்றி வைக்கும் முயற்சி ஓசுலோ நகரில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது. அது நமக்கு இன்னும் எட்டாக் கனி.

கெடாவில் நம்மவர் நிலையை இனி நோக்குவோம். தோட்ட மருத்துவமனைகள் எந்நோய்களுக்காகத் தோன்றின? மலேரியா, கொக்கிப்புழு, சீதபேதி, நிமோனியா. சஞ்சிக்கூலிகளும் கங்காணி வழி வந்தோரும் ஈசல்போல் மடிந்த காலத்தில் உயிர்காக்க அவை வேண்டியிருந்தன. கொயினாவும் பேதி மருந்தும் கையில் வைத்திருந்த டிரசரே ஆயிரம் பேர்க்கு மருத்துவர். அவர் தகுதியை முறைப்படுத்தத் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இல் வந்தது. நல்ல டிரசர்கள் பலர் இருந்தனர். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் வயிற்றுவலி என்றால் ஒரு மிக்சர், மலத்தில் குருதி என்றால் ஒரு மாத்திரை, மறுநாள் காலைப் பிரட்டுக்கு ஆள் வந்தாக வேண்டும் என்பதே அன்றைய ஒழுங்கு. குடற்புற்று பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவரை நாடும் நோய். பலர் அவ்வயதை எட்டுமுன்பே இறந்த காலத்தில் அது மறைந்தே இருந்தது. நம் ஆயுள் நீண்டபோது அது வெளிப்பட்டது.

இன்று மலேசிய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று இதுவே என்று 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. பெரும்பாலோர் முற்றிய நிலையிலேயே மருத்துவரிடம் வருகின்றனர். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதி கலந்திருப்பதைக் காட்டும் எளிய சோதனை, ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் செய்யப்படுகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு லயன் வீட்டைவிட்டு நகரத்தின் மலிவு வீடுகளில் குடியேறிய நம்மவர்க்கு டிரசரும் இல்லை. சுகாதார நிலையத்திற்குத் தாமாகப் போகும் பழக்கமும் இன்னும் வேரூன்றவில்லை. கழிவைப் புட்டியில் எடுத்துச் செல்ல வெட்கப்படுவோர் பலர்.

ஜித்ராவிலிருந்து அலோர்ஸ்டார் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பினாங்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வடமாநில நோயாளிகள் நெடுங்காலமாகக் கதிர்வீச்சுக்கும் புற்றுமருந்துக்கும் நாடிச் சென்ற தீவு அது. பிரான்சிசுகன் கன்னியர் 1976இல் அங்கே நிறுவிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை பலர்க்குப் புகலிடமாயிற்று. 1985இல் பாலம் திறக்கும்வரை, மருந்தேற்றி வாந்தியோடு திரும்பும் நோயாளி பட்டர்வொர்த் பெர்ரியில் நின்று கடல்காற்றை வாங்கித்தான் ஊர் வந்து சேரவேண்டும். இப்போது நெடுஞ்சாலை உண்டு. ஆயினும் இரு வாரத்திற்கொருமுறை போய்வரக் கார் வேண்டும். உடன் செல்ல ஒருவர் விடுப்பெடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கட்டணம் சிறிது. வழிச்செலவும் இழந்த கூலியுமே குடும்பத்தை முறிக்கின்றன. பெர்கேசோவில் சந்தா கட்டியவர் வேலை செய்ய இயலாதாராயின் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். ஊழியர் சேமநிதியிலிருந்து கடும்நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். இவ்விரண்டையும் அறியாமல் தாலியை அடகு வைத்தவர்களை நான் அறிவேன்.

மருந்தின் துன்பங்களைப் பொறுக்கச் செய்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. ஆக்சலிபிளாட்டின் ஏற்றியவர் சில நாட்கள் குளிர்ந்ததைத் தொட்டால் விரல் மரத்துக் கூசும். குளிர்நீர் தொண்டையை அடைத்துவிட்டதுபோல் தோன்றும். ஐஸ் மைலோ வாங்கித் தந்து உபசரிக்கும் உறவினர் இதை அறிந்திருக்க வேண்டும். வாந்தியை அடக்கும் சிறந்த மருந்துகள் 1990களில் வந்த பின்னர், பழைய நோயாளர் பட்ட பெரும்பாடு இல்லை. காமாலை கண்டால் உடனே கீழாநெல்லியை அரைப்பது நம் வழக்கம். கட்டி பித்தநாளத்தை அழுத்துவதால் வரும் காமாலைக்கு அந்நாளத்துக்குள் சிறு குழாய் செருகி வழி திறக்க வேண்டியிருக்கும். கீழாநெல்லிக்கெனக் கழியும் வாரங்கள் நோயாளிக்குரியவை. வயிற்றில் நீர் கோத்தால் அதை வடித்து மூச்சைத் தளர்த்தலாம்.

வலியின் வரலாறு தனி வரலாறு. முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1948இல், இலண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். அவர்க்கும் மலக்குடற் புற்றுதான். உற்றார் இல்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் அருகிருந்து பேசினார். இறப்பவர்க்கென ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். தாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை அவ்வில்லத்தின் ஒரு சன்னலுக்கென விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் பயின்றார். வலி எழுந்த பின் ஊசி போடுவதைவிட, வலி எழுமுன்பே வேளை தவறாமல் மார்பின் கொடுப்பது நன்று என்று கண்டார். 1967இல் செயின்ட் கிறிஸ்டபர் இல்லம் திறந்தது. ஒரே உறுப்பின் நோய், ஒன்று அடையாற்றில் சிகிச்சைக்கும் மற்றொன்று இலண்டனில் பரிவுக்கும் வித்தாயிற்று. 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுவலிக்குப் படிப்படியான மருந்துமுறையை வகுத்து, வாய்வழி மார்பினை அதன் மேற்படியில் வைத்தது.

மார்பின் அபினியின் சாரம். அபினி என்றால் கெடாவுக்குப் பழைய நினைவுகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் அபினி வரி பினாங்குச் சீன வணிகர்க்குக் குத்தகைக்கு விடப்பட்டது. அரச வருவாயின் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது. மலாயாவில் அபினிப் புகைக்கு இடங்கொடுத்த அரசு, போருக்குப் பின் அதனை ஒழிப்பதாக 1943இல்தான் அறிவித்தது. புகைக்க விற்றபோது தாராளமாக இருந்த அப்பொருள், வலிக்கென வேண்டியபோது அச்சத்திற்குரியதாயிற்று. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் மருத்துவமனைகளையே அஞ்ச வைத்தது. 2014இல் அது தளர்த்தப்பட்டது. அவ்விடைக்காலத்தில் 1993இல் கோழிக்கோட்டில் இராசகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம் ஊர்மக்களையே தொண்டர்களாக்கியது. மலேசியாவில் 1991இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது. பினாங்கிலும் 1990களில் வீடு தேடிச் செல்லும் தாதியர் பணி தொடங்கியது. 1995இல் கோத்தா கினபாலு அரசு மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு அமைந்தது.

மார்பின் கொடுத்தால் சாவு விரையும், நோயாளி அடிமையாவார் என்னும் அச்சம் நம்மவரிடம் வலிது. மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்பினால் இவை நேர்வது அரிது. உறுதியாக நேர்வது மலச்சிக்கல். அதற்கு மலமிளக்கியை உடன் தருவர். இன்னொரு வழக்கமும் எண்ணத்தக்கது. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாதென மகன் மருத்துவரை வேண்டுவான். தந்தையோ, தாம் அறிந்ததை மகன் தாங்கமாட்டானென்று மறைப்பார். இருவரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு இறுதி நாட்களைக் கழிப்பர். நிலம் யாருக்கு, கடன் யாரிடம், கடைசி மகளின் திருமணம் எப்போது என்பன பேசப்படாமலே போகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதன் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து துணைசெய்பவனையும் நான்காவதாக எண்ணுகிறார். மாணவர் அந்நான்காம் கூற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுவர். ஆசிரியரும் தாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவர். வீட்டிலேயே இருந்து மருந்து கொடுக்கும் இக்காலத்தில் அந்நான்காம் ஆள் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரே. தாய் எழுதப் படிக்க அறியாதவராக இருந்தால் பள்ளிப்பிள்ளையே அவ்வாள் ஆகிறது.

எங்கள் வட்டாரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பயிற்சி நூலைத் திருத்தும்போது, பின்னட்டையின் உட்புறத்தில் அழகிய கையெழுத்தில் ஓர் அட்டவணையைக் கண்டேன். காலை 6, காலை 10, பகல் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு வேளைக்கும் எதிரே 'தாத்தா மருந்து' என்றும், இரவு 10க்கு எதிரே மட்டும் 'இரண்டு பங்கு, டாக்டர் சொன்னது' என்றும் எழுதியிருந்தாள். கொடுத்த வேளைகளுக்கெல்லாம் சரி அடையாளம் இட்டிருந்தாள். ஒரு சனிக்கிழமையோடு அடையாளங்கள் நின்றிருந்தன. அடுத்த பக்கத்தில் கட்டுரை தொடங்கியிருந்தது; அதைத் திருத்திக் கையொப்பமிட்டேன்.